ஸ்டார்ட்டர்தான் பிரச்சினை

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தை உரக்கச் சொல்வதற்கு மாமியார் வீட்டைவிட மோசமான இடம் கிடையாது.

எங்களுடையது காதல் கல்யாணம். நான் காட்டூரில் நெல் பயிரிடும் குடும்பம். மனைவி தேவிக்கு லைட்ஹவுஸ் குப்பம்; ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, மீன்பிடிக்கும் குடும்பம். எனக்கு வலை பின்னத் தெரியாது, படகு தள்ளத் தெரியாது, கடல்காற்றில் நின்றால் தும்மல் வரும். அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை என் பழைய வெள்ளைக் கார். (அதற்கும் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. கியரில் போட்டுத்தான் நிறுத்த வேண்டும்.)

அன்று மைத்துனி செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கும் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வரும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கியிருந்தேன். கிளம்பும்போது சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"இன்னா மாப்ள, எழுந்துக்கலையா?" என்றார் மாமனார்.

"பேட்டரியா இருக்கும். நைனா, ஷேர் ஆட்டோ சொல்லிடலாம்," என்றாள் தேவி தன் அப்பாவிடம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லைட்டைப் போட்டுக் காட்டினேன், பளிச்சென்று எரிந்தது. ஹாரன் அலறியது. பேட்டரி வயர்களை அசைத்துப் பார்த்தேன்; இறுக்கமாக இருந்தன. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பி, பெரிய டாக்டர் மாதிரி அறிவித்தேன்.

"ஸ்டார்ட்டர்தான் பிரச்சினை. உள்ளே சிக்கியிருக்கு. லேசா தட்டினா சரியாயிடும்."

(போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். பாதிதான் பார்த்திருந்தேன்.)

"மாமா, நீங்க உள்ளே உட்காருங்க. நான் தட்டும்போது சாவியைத் திருப்புங்க, போதும்."

"போட்டையே ஓட்டுறேன், இது இன்னா பெரிய வேலை," என்று புது வேட்டியோடு ஏறினார்.

பானெட்டுக்குள் பக்கவாட்டில் குனிந்து ஜாக்கிக் கம்பியால் தட்டினேன். இன்ஜின் உறுமியது. ஒரு கணம் நான்தான் உலகத்திலேயே சிறந்த மருமகன். மறுகணம் கார் என்னை உரசிக்கொண்டு பாய்ந்தது. கியரை நியூட்ரலுக்கு மாற்ற மறந்திருந்தேன்.

"மாமா, பிரேக்கு! பிரேக்கு!"

"அது எங்கடா கீது?"

('மாப்ள' போய் 'டா' வந்தது அந்த நிமிடத்தில்தான்.)

படகில் செய்வதுபோல அவர் ஸ்டியரிங்கை மட்டும் வளைத்துக்கொண்டிருந்தார். கார், மாமியார் காயவைத்திருந்த கருவாட்டின் மேல் ஏறி, ஏரிச் சரிவில் இறங்கி, சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. நல்லவேளை, அவருக்கு ஒரு கீறலும் இல்லை. மாமியார் நசுங்கிய கருவாட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு, முழங்கால் சேற்றில் நின்றபடி நான் சொன்னதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"ஆனா மாமா, ஸ்டார்ட்டர்னு நான் சொன்னது சரிதானே?"

தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் காத்திருந்து சலித்துப்போன மாப்பிள்ளை வீட்டார் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது அப்போதுதான். பெண்ணுக்கு முன்னால் அவர்கள் பார்த்தது, ஏரிக்குள் காரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பாவை. மாப்பிள்ளை பேன்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு செல்வியும் இறங்கினாள். இருவரும் சேர்ந்து தள்ளியதில், காபி வருவதற்குள் சம்மதமாகிவிட்டது. அதில் எனக்கும் பங்குண்டு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது, கெட்டிமேளத்தையும் மீறி மாமனாரின் குரல் கேட்டது. "நியூட்ரல்ல கீதான்னு பாத்துக்கோ மாப்ள!" மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

இப்போது அந்த வீட்டில் மிக்ஸி போட்டாலும், போட் இன்ஜினைக் கிளப்பினாலும் யாராவது அதைச் சொல்லிவிடுகிறார்கள். போன வாரம், இன்னும் சரியாகப் பேச்சு வராத செல்வியின் மகள் டிவி ரிமோட்டை அமுக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பெப்பா, நூட்டல்?"