மாமனாரின் பம்பரைக் கறுப்பாக்கிய கதை

கையில் ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் எதிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாக வாய்த்துவிட்டால் படித்த ஆண்பிள்ளைக்குப் புத்தி பிசகிவிடும். படிக்காதவன் பிழைத்துக்கொள்வான். தெரியாத வேலையைத் தெரிந்தவனிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். படித்தவன்தான் 'இதில் என்ன பெரிய வித்தை' என்று லுங்கியை மடித்துக் கட்டுவான். தொண்ணூறுகளின் கடைசியில், என் மச்சினியின் கல்யாணத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது, நான் மடித்துக் கட்டினேன்.

அப்போது நாங்கள் கல்பாக்கத்தில், கடலை ஒட்டிய அலுவலகக் குடியிருப்பில் இருந்தோம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வேலை என்றால், அங்கிருந்த நூலகத்தில் புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டுகிற வேலை. ஆனால் செங்கல்பட்டில் இருந்த என் மாமனார் 'மாப்பிள்ளை சயிண்டிஸ்ட்' என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். (முதல் தடவையே மறுத்திருக்க வேண்டும். இரண்டாவது தடவை மறுத்தால் முதல் தடவை ஏன் மறுக்கவில்லை என்ற கேள்வி வரும். அப்படியே விட்டுவிட்டேன்.)

மாமனார் அரசாங்க என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் பொய் வராது. நான் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று என் அம்மா கேட்டதற்கு, "தெரியாது, ரசம் மட்டும் சுமாரா வைப்பா" என்று சொன்ன மனிதர். அந்த ரசத்தைப் பதினைந்து நாள் சாப்பிட்ட பிறகுதான் அவர் எவ்வளவு நேர்மையானவர் என்பது எனக்குப் புரிந்தது.

அவரிடம் ஒரு வெள்ளை நிறச் சின்னக் கார் இருந்தது. உடம்பெல்லாம் பளபளப்பு. பம்பர்கள் மட்டும் ஏழெட்டு வருட வெயிலில் கறுப்பு போய்ச் சாம்பல் பூத்து, யானையின் முழங்கால் மாதிரி ஆகியிருந்தன. கதவுகளின் குறுக்கே ஓடிய பிளாஸ்டிக் பட்டைகளும் அதே யானையின் உறவுதான்.

இந்தக் கார் கல்யாணத்துக்குள் நுழைந்ததற்குக் காரணம் கல்யாண மாப்பிள்ளையின் பெரியப்பா. ஊரப்பாக்கத்துக்காரர். நிச்சயதார்த்தத்தில் தனக்கு முன்னால் தம்பிக்கு வடை போட்டுவிட்டார்கள் என்று பந்தியிலிருந்து எழுந்து, செருப்பு மாட்டிக்கொண்டு, தெருமுனை வரை போனவர். அவரைத் திருப்பி அழைத்து வருவதற்குள் என் மாமியாருக்கு மயக்கமே வந்துவிட்டது. அந்தப் பெரியப்பாதான் சொன்னார்: "வாடகை வண்டில எங்க புள்ள ஏற மாட்டான் சம்பந்தி. பொண்ணு வூட்டு சொந்த வண்டிலதான் அழைப்பு." இன்னொரு குறை கண்டுபிடித்தால் இந்தத் தடவை செருப்பு ரயில் நிலையம் வரை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் மச்சினி கீதா அந்தப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இரண்டு வருடமாகப் பிடிவாதமாக நின்றவள்.

மாமனார் வண்டியைக் கொண்டுவந்து என்னிடம் விட்டார். "கழுவி மட்டும் வெச்சிருங்க மாப்ள" என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லின் ஆழத்தைப் பற்றிப் பிற்காலத்தில் நிறைய யோசித்திருக்கிறேன்.

கழுவினேன். வெள்ளை இன்னும் வெள்ளையானது. பம்பர் இன்னும் யானையானது. வீட்டில் கிடந்த ஒரு பழைய வார இதழின் குறிப்புப் பகுதியில், வெளுத்த பிளாஸ்டிக் வாளிக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். வாளிக்குப் பொருந்துவது பம்பருக்குப் பொருந்தாதா? என் மனைவி மாலதி, "தலைக்கு வாங்கினதுங்க அது" என்று சொல்லச் சொல்ல முக்கால் பாட்டிலைத் தேய்த்தேன். பம்பர் பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் தலை மாதிரி மின்னியது. சாயங்காலத்துக்குள் கடற்கரையின் பாதி மணல் அதில் ஒட்டிக்கொண்டது. எறும்பு வரிசை வந்தது. குடியிருப்பு நாய் ஒன்று வலது மூலையை நக்கிப் பார்த்து, சற்று யோசித்துவிட்டு, இடது மூலைக்கும் போனது.

சோப்புப் போட்டுக் கழுவினேன். மேலே இருந்த எண்ணெய் போனது. உள்ளே இறங்கியது இறங்கியதுதான்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அடுத்து, சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் இருந்த பெயின்ட் கடைக்குப் போய் ஒரு டப்பா கறுப்பு பெயின்ட் கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார், கேட்டுக்கா?" என்றார் கடைக்காரர்.

கார் பம்பருக்கு என்றேன். எடுத்த டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டார்.

"பிளாஸ்டிக்கு சார் அது. எண்ணெப் பசை இல்லாம சுத்தம் பண்ணி, உப்புத்தாள் போட்டுத் தேச்சி, பிரைமர் வுட்டு, அப்பாலதான் கலர் அடிக்கணும். செங்கல்பட்டுல பெயின்ட் அடிக்கிற ஷெட்டாண்ட வுட்டா ஒரே நாள்ல குடுத்துடுவாங்கோ."

ஒரு மனிதன் இதைவிடத் தெளிவாக எச்சரிக்க முடியாது. நான் சொன்னேன்: "நான் சயிண்டிஸ்ட்."

(என் வாயால் நானே அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.) அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப உனுக்குத் தெரியாததா" என்று டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளையில் படக் கூடாது என்று செய்தித்தாளை ஒட்டி மறைத்தேன். கடற்காற்று அதைப் பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்குப் போனது. கதவில் ஒரு கறுப்புச் சொட்டு விழுந்தது. தின்னர் விட்டுத் துடைத்தேன். அது உள்ளங்கை அளவுக்குப் படர்ந்தது. அதன்மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினேன். அடுத்த சொட்டின்மேல் வேல். அதற்கடுத்ததன்மேல் ஓம். புதன்கிழமை வாக்கில் அந்த வண்டியைச் சுற்றி வந்தால் ஒரு பிரதட்சணம் செய்த புண்ணியம் கிடைத்திருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெயின்ட் காயவில்லை. உள்ளே இருந்த தேங்காய் எண்ணெய் அதைக் காயவிடவில்லை. வயர் இழுத்து டேபிள் ஃபேனைப் பம்பருக்கு முன்னால் வைத்தோம். வீட்டுக்குள் நாங்கள் வியர்த்துக் கிடந்தோம், பம்பர் காற்று வாங்கியது. "அதுக்கு ஒரு தலகாணியும் குடுங்க" என்றாள் மாலதி. வியாழக்கிழமை விரலால் தொட்டால் விரலின் ரேகை அப்படியே பதிந்தது. பிசுபிசுப்புப் போக முகப் பவுடரைத் தூவினேன். போனது. கூடவே கறுப்பும் போனது, யானை திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி ஆயுதமாகக் கறுப்பு பூட் பாலீஷ் ஒரு டப்பா முழுவதையும் அதன்மேல் தேய்த்தேன். அடியில் எண்ணெய், அதன்மேல் பெயின்ட், அதன்மேல் பவுடர், அதன்மேல் பாலீஷ். தோண்டிப் பார்த்தால் நான்கு யுகங்கள் தெரிந்திருக்கும். ஆனால் பார்வைக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், புது வண்டி.

சனிக்கிழமை மாலை, மாமல்லபுரத்தில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். அங்கிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். மாமனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஸ்டிக்கர்களைப் பார்த்து நின்றார். பம்பரைப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் 'நல்லாருக்கு'. அந்த நிமிடமே நான் வண்டியை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிப் பக்கம் ஓடியிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை தயாராக நேரமானது. நம் ஊரில் நிற்கும் காரைக் கண்டால் சாயாமல் இருக்கிற மனிதன் பிறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வண்டியை நோக்கி வந்தார்கள். நான் குறுக்கே குறுக்கே ஓடி, "சாயாதீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பெரியப்பா அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னா நைனா, நாங்க தொட்டா உங்க வண்டி தேஞ்சிப் பூடுமா?" என்றார். கேட்டுவிட்டு, என்னைப் பார்த்தபடியே, வெண்பட்டு வேட்டியோடு முன் பம்பரில் நிதானமாக உட்கார்ந்தார்.

நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனை முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வந்ததும் எழுந்தார். பம்பருக்கு அவரை விட மனமில்லை. ஒரு கணம் பிடித்துவைத்து, பிறகு ஒரு சத்தத்தோடு விட்டது. வெண்பட்டின் பின்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் பட்டை.

"இன்னாங்க இது பின்னால?" என்றார் அவர் மனைவி. பெரியப்பா தன் பின்பக்கத்தைத் தானே பார்க்க முயன்று இரண்டு முறை சுழன்றார். பார்க்க முடியவில்லை, கையால் தடவினார். கை கறுப்பானது. நாதஸ்வரம் நின்றது. அவர் கண்கள் கோயில் வாசலில் கிடந்த தன் செருப்பைத் தேடின.

என் மாமனார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. பிறகு, கீதா அலங்காரம் செய்துகொண்டிருந்த மண்டபத்தின் திசையில் ஒரு தடவை பார்த்தார்.

"சம்பந்தி, இன்னா இது?" என்றார் பெரியப்பா.

"திருஷ்டி மை" என்றார் மாமனார்.

"இன்னாது?"

"எங்க பக்கத்து வழக்கம். ஊர்வலம் கெளம்பறதுக்கு முன்னாடி, மாப்ள வீட்டுல மூத்தவருக்கு வண்டியிலேர்ந்து மை படணும். கண்ணு படாம இருக்க." அவர் காதுகள் இரண்டும் சிவந்துவிட்டன. குரலில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

"அதுக்குன்னு பின்னாலயா?"

"கண்ணு வெக்கிறவன் பின்னாலேர்ந்துதானே வெப்பான்."

பெரியப்பா யோசித்தார். "மூத்தவருக்குன்னா, எனக்கு மட்டுமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார் மாமனார். பெரியப்பா நிமிர்ந்தார். செருப்பைத் தேடுவதை விட்டார். கறை நன்றாகத் தெரியும்படி மேல்துண்டை எடுத்து முன்பக்கம் போட்டுக்கொண்டார்.

ஆபத்து நீங்கியது என்று நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் தம்பிக்காரர் (வடை முதலில் கிடைத்தவர்) முன்னால் வந்தார். "அப்ப நாங்கள்லாம் யாரு? எங்களுக்குக் கண்ணு படாதா?" அவருக்குப் பின்னால் தாய்மாமன். அவருக்குப் பின்னால் இரண்டு சித்தப்பாக்கள்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, எல்லாருக்கும் வெச்சிருங்க" என்றார்.

அவசரத்துக்கு என்று வண்டியில் வாங்கிவைத்திருந்த இன்னொரு பாலீஷ் டப்பாவை எடுத்தேன். மாமல்லபுரத்துக் கடைத்தெருவில், வெளிநாட்டுப் பயணிகள் கேமராவோடு பார்த்துக்கொண்டிருக்க, வயது வரிசையில் முதுகைக் காட்டி நின்ற பதினொரு ஆண்களின் பட்டு வேட்டிகளில், ஒவ்வொருவருக்குப் பின்னாலும் குனிந்து குனிந்து மை வைத்தேன். தாய்மாமன் மை தன்னுடையதைவிடப் பெரியது என்று பெரியப்பா சொன்னதால், மறுபடி அவரிடம் போய் இரண்டு விரல் அகலம் கூட்டினேன்.

மறுநாள் காலை முகூர்த்தம் நல்லபடி நடந்தது. மாமனார் அந்த வாரமே வண்டியை ஷெட்டில் விட்டு, பிரைமர் அடித்து, பம்பரைச் சரிசெய்துகொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாராவது கேட்டால், 'மாப்பிள்ளை லைப்ரரியில இருக்கார்' என்று சொல்ல ஆரம்பித்தார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். எட்டு மாதம் கழித்து ஊரப்பாக்கத்தில் அவர்கள் வீட்டிலேயே ஒரு கல்யாணம். பெரியப்பா என் மாமனாரிடம் ஆள் அனுப்பினார். மை வைக்க உங்கள் மாப்பிள்ளை வர வேண்டும், முறை தெரிந்தவர் அவர்தான் என்று. போனேன். அடுத்ததற்கும் போனேன். பத்து வருடத்தில் ஏழு கல்யாணம். கடைசியாக நாவலூரில், பெரியப்பாவின் பேரன் கல்யாணம். பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அழைப்பிதழில், மாப்பிள்ளை அழைப்புக்கும் வரவேற்புக்கும் நடுவே, 'மை சாற்றுதல், மாலை 5.30' என்று அச்சடித்திருந்தார்கள். பூட் பாலீஷ் வெள்ளிக் கிண்ணத்தில் வந்தது. காரில்லாத காலத்தில் இதற்குத் தேர்ச்சக்கரத்து மசியைப் பயன்படுத்தினார்கள் என்று புரோகிதர் வீடியோக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள எழுந்து நின்று முதுகைக் காட்டினார். வைத்தேன். தடவிப் பார்த்து, விரலை முகர்ந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இப்ப வர்ற மை சுகமில்ல சம்பந்தி. ஒரு தொவையலுக்குப் பூடுது. மொத மொதல்ல வெச்சாரே உங்க மாப்ள, அந்த வேட்டி இன்னும் வூட்ல கீது. இன்னி வரைக்கும் போவல."

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மாமனார் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அதுக்கு ஒரு வாரம் மெனக்கெடணும் சம்பந்தி. இப்ப யாரு மெனக்கெடறாங்க?"