பேச்சியத்தை காலி செய்யாத பின்னறை

ஒருவரை வேலைக்கு வைக்கத்தான் யோசனை வேண்டும், நிறுத்துவதற்கு வாய் இருந்தால் போதும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வாய் எனக்கு நிறையவே உண்டு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பு தேறி, ஆசிரியைப் பயிற்சியும் முடித்து, மதுரையில் தெற்குவாசல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்க வந்தவள். நைல் நதி எங்கே பிறந்து எங்கே கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுப் பின்னறையில் இருக்கும் ஒரு பெண்பிள்ளையை வெளியே அனுப்பும் வழிதான் எந்தப் பாடத்திலும் இல்லை.

அவள் பேச்சியத்தை. சோழவந்தானில் அப்பாவின் கொடிக்காலில் வெற்றிலை கிள்ள வந்துகொண்டிருந்தவள். அப்பாவை ‘அண்ணே’ என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனாள். நான் பட்டணத்தில் வீடு எடுத்து வேலை பார்க்கப் போகிறேன் என்றதும் அப்பா இரண்டு நிபந்தனை போட்டார். சமைத்துப் போடவும் துணைக்கும் பேச்சி கூடவே தங்க வேண்டும். வேலை நிரந்தரமாகாவிட்டால் மறுபேச்சில்லாமல் ஊருக்குத் திரும்பி மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். (மாமன் மகன் நல்ல பையன்தான். வெற்றிலையைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவன் பேசி நான் கேட்டதில்லை. அதையும் மென்றுகொண்டேதான் பேசுவான்.)

அந்த ஆடி மாதம் என் வேலை தற்காலிகமாகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வரப்போவதாகவும், அவர் தங்குவதற்கு இடம் அகப்படவில்லை என்றும் பெரிய டீச்சர் கவலைப்பட்டார். நான் எழுந்து நின்றேன்.

“எங்கள் வீட்டில் தனி அறை இருக்கிறதே!”

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் என் உபசாரத்தில் மகிழ்ந்து ஒரு நல்ல வார்த்தை எழுதிவிட்டால் வேலை நிரந்தரம். அந்த அறையில் பேச்சியத்தை இருந்தாள் என்பது எனக்கு ஒரு பெரிய சங்கதியாகத் தோன்றவில்லை. சொன்னால் அடுக்களையில் படுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அதற்குள் வடகம் குறுக்கே வந்தது.

பள்ளிக்கூடத்து இந்தியா படம் ஓரம் கிழிந்திருந்ததால், ஒட்டித் தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பின்பக்கம் துணி ஒட்டி, மேலும் கீழும் கம்பு கோத்த பெரிய படம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அது மொட்டைமாடியில் மல்லாந்து கிடந்தது. காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கூழ் வடகம்.

“என்ன அத்தே இது!”

“ஆடிக் காத்துக்கு வேட்டி நிக்க மாட்டேங்குது தாயி. இதுல கம்பு இருக்குல்ல, பறக்காம கெடக்கு.”

அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். துணியில் காய்ந்த வடகத்தை உரிக்க, பின்பக்கம் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அத்தை வழக்கப்படியே தெளித்தாள். வடகம் அழகாகக் கழன்று வந்தது. காகிதமும் கூடவே வந்தது. வங்காளத்தில் பாதி, ஹைதராபாத்தில் கொஞ்சம் போயிற்று. இலங்கையோ முழுசாக ஒரே வடகத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பயிற்சிப் பள்ளியில் கற்ற குரலில் சொன்னேன்:

“அத்தே, நாளையிலிருந்து நீ வேலை பார்க்க வேண்டாம்.”

“சரி தாயி.”

இவ்வளவு லேசா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அத்தை பின்னறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கிளம்பலையா?”

“எங்க?”

“நான்தான் வேலை வேணாம்னு சொன்னேனே!”

“வேலை வேணாம்ன, சரின்னேன். இருக்க வேணாம்னா சொன்ன?”

“இருக்கவும் வேணாம்.”

“அதச் சொல்ல நீ யாரு? என்னைய இங்க இருக்கச் சொன்னது எங்கண்ணன். அவுகளக் கூட்டியா, கேட்டுக்கிறேன்.”

அப்பாவைக் கூட்டிவர முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துணை இல்லாத வீட்டில் பெண் இருப்பதாவது என்று அப்பா அன்றைக்கே என் பெட்டியைக் கட்டிவிடுவார்.

அதன்பின் அத்தை மிக நாணயமாக நடந்துகொண்டாள். வேலை என்று ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. பின்னறைக்கு முன்னால் மட்டும் கூட்டுவாள், குப்பையை என் பக்கம் தள்ளாமல் அள்ளிப்போடுவாள். அவள் குடத்தில் தண்ணீர் தளும்பும், என் குடம் காய்ந்து கிடக்கும். தனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் குழம்பு வைப்பாள். அந்த வாசனையை முகர்ந்துகொண்டு நான் என் கரிந்த சோற்றைச் சுரண்டுவேன். உலை வைக்கும்போதெல்லாம் அவள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு என்னையே பார்ப்பாள்.

“என்ன அத்தே பாக்குற?”

“நான் ஒண்ணுஞ் சொல்லலத்தா. வேலை பாக்க வேணாம்ன. வேடிக்கையுமா பாக்கக் கூடாது?”

நான் மெலிந்தேன். பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர், “அறையெல்லாம் தயார்தானே?” என்று கேட்கும்போதெல்லாம், “தயார், தயார்” என்று இன்னும் கொஞ்சம் மெலிந்தேன்.

கடைசியில், படித்தவள் என்ற முறையில், பொதுஜன அபிப்பிராயத்தைத் திரட்டுவது என்று முடிவு செய்தேன். தெருக் குழாயடியில் பெண்கள் கூடும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டு ஒரு பிரசங்கம் செய்தேன். பின்னறை காலியாக வேண்டும், அது ஒரு பெரிய மனுஷிக்காக ஒதுக்கப்பட்ட அறை, அந்த அம்மாள் வந்து தங்கினால் நம் தெருவுக்கே கௌரவம், ஆகவே நீங்கள் எல்லாரும் சேர்ந்து பேச்சியத்தைக்கு நல்ல புத்தி சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுச் சிட்டம்மாள் இடுப்புக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்தபடி கேட்டாள். அவளுடைய இரண்டு பெண்களும் என் வகுப்பில் படித்தார்கள். அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்க நான் அவள் வீட்டு வாசலுக்கு நடந்த நடையில் செருப்பே தேய்ந்திருக்கிறது.

“பேச்சியக்காகிட்ட நாங்க பேசிக்கிறோம் டீச்சரம்மா. நீங்க கவலைய விடுங்க” என்றாள் சிட்டம்மாள்.

வெற்றி என்று வீடு திரும்பினேன். மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் வீட்டு நிலையில் வேப்பிலை கட்டியிருந்தது. உள்ளே தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அத்தையின் வலது கையில் புதிதாக ஒரு மஞ்சள் கயிறு.

தெருக்கோடி மாரியம்மனுக்கு அன்று காப்புக் கட்டியிருக்கிறார்கள். திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்க ஓர் இருட்டறை வேண்டும். எல்லாரும் தங்கள் மண்சட்டிகளில் எருவும் வைக்கோலும் போட்டுப் பயறு தூவி அங்கேதான் கொண்டுவந்து வைப்பார்கள். வழக்கமாக வைக்கும் வீட்டில் பிள்ளை பெற்ற தீட்டு. தெருவே இடம் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் நான் குழாயடியில் போய், அறை காலியாகப் போகிறது, பெரிய மனுஷிக்கு ஒதுக்கியிருக்கிறேன் என்று முழங்கியிருக்கிறேன். மாரியாத்தாளைவிடப் பெரிய மனுஷி இன்னொருத்தி இருப்பாள் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

“எம்புட்டு நல்ல மனசு டீச்சரம்மாவுக்கு!” என்று சொல்லிச் சிட்டம்மாள் என் நெற்றியில் திருநீறு பூசினாள். “படிச்ச புள்ளைக சாமி இல்லேம்பாகன்னுல்ல நெனச்சோம்.”

மறுக்க வாயெடுத்தேன். என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஆத்தாளுக்கு இடமில்லை என்று சொன்னால் மறுநாள் என் வகுப்பில் பெஞ்சுகளுக்குத்தான் பாடம் நடத்த வேண்டியிருக்கும். (அவர்கள் புகழ்ந்தது கொஞ்சம் இனிப்பாக இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.)

“சரி, முளைப்பாரி இருக்கட்டும். அத்தே, நீ?” என்றேன் மெதுவாக.

“நாந்தான வளக்குறவ! தண்ணி தெளிக்க நான் மட்டுந்தான் உள்ள போலாம். காப்புக் கட்டியாச்சுல்ல? இனிமே எல்லையத் தாண்டி ஒரு ராத்திரி தங்கக் கூடாது” என்றாள் அத்தை. பிறகு, என் மேல் இரக்கப்பட்டவள்போல, “நீயுந்தான் தாயி. முளை வளர்ற வீட்டுல தாளிக்கக் கூடாது, அடுப்புல தாளிச்சுகீளிச்சு வச்சிராத” என்றாள்.

அதிலிருந்து சாயங்காலம் ஆனால் என் வீட்டில் கும்மியும் குலவையும்தான். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வரும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். படுக்க இடம் இல்லை.

அவர் வந்தார். பகலில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட்டார். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. “ஊரில் காய்ச்சல்” என்றேன். சாயங்காலம் பெரிய டீச்சரும் அவரும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஜட்கா வண்டியில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். இறங்கிய அதே நொடியில் உள்ளே குலவை எழுந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் முகம் மலர்ந்து, குடையை மடக்கிக்கொண்டு, எல்லாருக்கும் கைகூப்பினார்.

“எனக்காக இவ்வளவு தூரம் ஏற்பாடா?”

“உங்களுக்கு இல்லீங்க, ஆத்தாளுக்கு” என்றாள் சிட்டம்மாள்.

மலர்ந்த முகம் கூம்பியது. கும்மியடித்துக்கொண்டிருந்த காய்ச்சல்காரிகள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். சிட்டம்மாளின் சின்னப் பெண் என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி, “உள்ளேன் டீச்சர்!” என்று கத்தினாள்.

“என் அறை எது?” என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள்.

நான் பின்னறைக் கதவைப் பார்த்தேன். பேச்சியத்தை கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

“செருப்புக் காலோட இந்தப் பக்கம் வந்துராதீக தாயி. உள்ள முளை நல்லா வந்திருக்கு.”

“இந்த அம்மாள் யார்?”

“வேலையிலிருந்து... நிறுத்தப்பட்டவர்” என்றேன்.

“எப்போது நிறுத்தினீர்கள்?”

“அது ஆச்சு தாயி, ஆடி பொறக்கையிலயே நிப்பாட்டிருச்சு. நான் சும்மா இருக்கேன்” என்று அத்தையே பதில் சொன்னாள்.

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பார்வையைத் திருப்பினார். திருப்பிய இடத்தில் சுவர். சுவரில் ஆணியில் இந்தியா படம், ஒட்டுப் போட்டு முடியாமல் தொங்கியது. அருகில் போய் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“இலங்கை எங்கே?”

நைல் நதி எங்கே பிறக்கிறது என்று கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

“அது வடகத்தோட போயிருச்சு தாயி” என்றாள் அத்தை.

அவர் அதே ஜட்காவில் ஏறிப் பெரிய டீச்சர் வீட்டுக்கே போய்விட்டார். என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, மாதக் கடைசியோடு வேலை முடிந்தது, நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்.

தெருவுக்கு மட்டும் அந்த வருஷம் முளைப்பாரி முழ உயரம். இத்தனை வளர்த்தி யாரும் கண்டதில்லையாம். தலையில் தூக்கிக்கொண்டு போய் வைகையில் கரைத்துவிட்டு வந்து, அத்தை காப்பை அவிழ்த்தாள்.

“இப்ப எல்லையத் தாண்டலாம்ல அத்தே?” என்றேன். கோபமெல்லாம் வற்றிப்போய் அழுகைதான் மிச்சம் இருந்தது.

“தாண்டலாம். தாண்டணும்னு என்ன இருக்கு?”

மாதம் முடிந்ததும், சேதி கேட்டு அப்பா வந்தார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். என் முகத்தைப் பார்க்க அவருக்கே கஷ்டமாக இருந்திருக்கும்.

“போதும் தாயி. சொன்ன சொல்லு சொன்னதுதான். பெட்டியக் கட்டு.”

“சரிப்பா” என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் அல்ல. வாய் சரி என்றது, கை பெட்டிப் பக்கம் போகவில்லை. போவதற்கு வேறு இடம் தெரியாததால் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பெரிய டீச்சர் வந்து பார்த்துத் திகைத்துப்போனார்.

“வேலை முடிந்தது என்று சொன்னேனே!”

“வேலை முடிந்தது என்றீர்கள், சரி என்றேன். வரக் கூடாது என்று சொல்லவில்லையே.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்து எனக்குக் காது சுட்டது. பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார், என் இடத்துக்கு வேறு ஆள் வராததைப் பார்த்தார், பிள்ளைகள் நிறைந்திருந்த பெஞ்சுகளைப் பார்த்தார். முளைப்பாரி செழித்த வீட்டு டீச்சர் என்று தெரு முழுவதும் பெண்களை அனுப்பியிருந்தது. என்னை எப்படி வெளியேற்றுவது என்று அவர் படித்த பாடத்திலும் இல்லை போலிருக்கிறது. பெருமூச்சு விட்டுச் சாக்குக் கட்டியை நீட்டினார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். தாளித்த குழம்பு மணத்தது.

“எப்பத்தா கெளம்புற?” என்றார்.

“அண்ணே, இந்த வீட்டுல ஒருத்தரக் கெளப்புறது அம்புட்டு லேசு இல்ல. சோத்த உண்டுட்டு ரயிலப் பிடிங்க” என்று அத்தை அவர் இலையில் வடகத்தை வைத்தாள்.

அப்பா தனியாகத்தான் ரயில் ஏறினார். வருஷங்கள் போய்விட்டன. என் வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்கவும் ஆள் இல்லை, போகச் சொல்லவும் ஆள் இல்லை. பேச்சியத்தையை நான் திரும்ப வேலைக்கு வைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. சும்மா சமைக்கிறாள், சும்மா கூட்டுகிறாள், பின்னறையில் சும்மா இருக்கிறாள். சம்பந்தம் பேச வந்தவர்கள்கூடக் கேள்விப்பட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். பெண்ணோடு அந்த அம்மாளும் வருமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கொடிக்கால் வெற்றிலையை எடுத்துக்கொண்டு எப்போதாவது வரும் அப்பா, உள்ளே நுழையுமுன் வாசலில் நின்று குரல் கொடுப்பார்:

“என்னத்தா, ரெண்டு பேரும் இன்னும் காப்பு அவுக்கலையா?”