இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியை நான் வெட்டிய விவரம்

என் அக்கா பெற்ற கம்ப்யூட்டர் இன்ஜினியரும், பத்து முறை அழைத்தும் போனை எடுக்காதவளுமான அன்பு மருமகளுக்கு உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தையும் கடையிலுள்ள நான்கு தையல் மிஷின்களும் சௌக்கியம். கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்த வாரம் முழுக்கக் காய்ச்சல், மேலே கை வைத்தால் சுட்டது. நீ சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். போனை எடுக்க நேரமில்லாதவர்கள் சௌக்கியமாகத்தான் இருப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் சாஃப்ட்வேர் தயாரித்துவிட்டேன். வாங்கவில்லை, கவனி, தயாரித்தேன். நீ நாலு வருஷம் காலேஜில் படித்ததை நான் நாலே நாளில், அதுவும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டே முடித்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் என்று உன் அம்மா சொல்வாள். நான் எங்கே நின்றேன்? ஏழாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன். மற்றவர்கள் மேலோட்டமாகப் படித்ததை நான் ஆழமாகப் படித்தேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர் பதினாறு ஜெர்சிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெஞ்சில் மீன்கொத்திப் பறவை சின்னம் பூத்தையல் போட வேண்டும், சனிக்கிழமை காலை போட்டி, சின்னம் இல்லாத அணியை மைதானத்துக்குள்ளேயே விட மாட்டார்களாம், ஒன்பது வருஷத்தில் இப்போதுதான் முதல் தடவையாக இவர்களைப் போட்டியில் சேர்த்திருக்கிறார்களாம். "முடியுமா சார்?" என்றார். என்னைப் பார்த்து அப்படிக் கேட்கலாமா? "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன். படத்தைத் தையலாக மாற்றி மிஷினுக்குச் சொல்லும் சாஃப்ட்வேர் பழைய கம்ப்யூட்டரோடு போய்ச் சேர்ந்தது அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. தேடினேன். இலவசமாகவே ஒன்று இருந்தது, யாரோ நல்லவர்கள் பல நாடுகளில் உட்கார்ந்து சும்மா செய்து கொடுக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இரண்டு பட்டன். ஒன்று ரெடிமேட், அமுக்கினால் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று மூல நிரல், அதாவது துணியை மட்டும் கொடுப்பார்கள், தைப்பது நம் பாடு. முப்பது வருஷமாக ரெடிமேட் சட்டையை எதிர்த்துக் கடை நடத்துகிறவன் ரெடிமேட் பட்டனில் விரலை வைப்பேனா? உன் அத்தை, "என்னங்க, முதல் பட்டன் சுலபமா இருக்கும்போல இருக்கே" என்றாள். "அது நமக்கு அளவெடுத்தா தைச்சிருக்கான்? அக்குள்ல பிடிக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

ஆயிரத்து நானூறு கோப்புகள் வந்து விழுந்தன. அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே சாஃப்ட்வேராகத் தைக்கச் சொல்லும் கட்டளையைத் தட்டினேன். இன்னொரு சாமான் இருந்தால்தான் ஆச்சு என்றது. அதைக் கொண்டு வந்தால் அது தன் மைத்துனர் வராமல் பந்தியில் உட்கார மாட்டேன் என்றது, மைத்துனரைக் கூப்பிட்டால் அவருக்கு ஒரு சகலை. செவ்வாய்க்கிழமை முழுவதும் சம்பந்தி வீட்டாரைச் சமாதானப்படுத்துவதிலேயே போயிற்று. அப்புறம் ஓடியது பார், திரை முழுக்க எழுத்து, நடுநடுவே எச்சரிக்கை எச்சரிக்கை என்று நானூறு தடவை. உன் அத்தை பட்டன் தைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இத்தனை தடவை எச்சரிக்குதே, என்னன்னு கேக்க மாட்டீங்களா?"

"எச்சரிக்கைதான், தப்பு இல்ல. கண்டுக்காம போகலாம்."

"ஓ, அதானா? நான் சொல்றதையும் அந்தக் கணக்குலதான் வெச்சிருக்கீங்களா?"

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நிபுணர்கள் வேலை நேரத்தில் பேசுவதில்லை.

கடைசியில் ஒரு பிழையில் நின்றுவிட்டது. புதன்கிழமை உட்கார்ந்து ஆராய்ந்தேன். ஒரு கோப்பின் தொடக்கத்தில், கம்பி வேலி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட குறியோடு தொடங்கும் வரிகள் மனிதர்களுக்கான குறிப்பு, இயந்திரம் அவற்றைப் படிக்காது என்று எழுதியிருந்தது. எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. சாக்பீஸ் கோடு! வெட்டுவதற்காகப் போட்ட கோட்டை யாராவது சட்டையில் அப்படியே விட்டு வைப்பார்களா? நிரல் எழுதியிருந்த மற்ற முந்நூறு கோப்புகளைத் திறந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் அதே வேலிக் குறி, ஏழெட்டு வரி. என்ன அலட்சியம்! காலையிலிருந்து சாயங்காலம் வரை முந்நூறு கோப்பிலும் அவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். மறுபடி ஓடவிட்டேன். முன்பு ஒரு பிழை, இப்போது பதினோராயிரம். சுத்தம் செய்ததால்தான் உள்ளே மறைந்திருந்த அழுக்கெல்லாம் வெளியே வந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

இருந்தாலும் தயாரித்தவர்களுக்கு, அவர்கள் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி, ஒரு வார்த்தை எழுதினேன். வியாழக்கிழமை காலை ஒருத்தர் பதில் போட்டார்: எந்தெந்த வரிகளை நீக்கினீர்கள்? எல்லாவற்றையும் என்றேன். மனிதர் அசந்துபோயிருக்க வேண்டும். பிறகு எழுதினார்: ஐயா, அந்தக் குறி அந்த ஒரு கோப்பில்தான் குறிப்பு, மற்றவற்றில் அதுதான் அஸ்திவாரம், தயவுசெய்து எல்லாவற்றையும் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள், எதையும் தொடாதீர்கள். என் வேகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். ஆறு நாட்டுக்காரர்கள் அதைப் படித்துச் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். வெளிநாட்டில் மரியாதை காட்டுவது அப்படித்தான் போலிருக்கிறது.

புதிதாக இறக்கினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொண்ணூற்றேழு சதவீதத்தில் வந்து மறுபடி நின்றபோது சரியாக மாஸ்டர் உள்ளே வந்தார்.

"மாஸ்டர், தொண்ணூத்தேழு பர்சென்ட் முடிஞ்சிருச்சு!"

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ ஒரு சட்டைதான் பாக்கியா?"

"சட்டை இன்னும் ஆரம்பிக்கல."

"சார், நாளைக்குக் காலையில என் பிள்ளைங்க கேட்டுக்கு வெளிய நின்னு வேடிக்கை பாக்கணுமா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் பயம் வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அவர் தோளில் கை போட்டு வாசலுக்குக் கூட்டிப்போய், சாஃப்ட்வேர் என்பது என்ன, அது ஏன் அவசரப்பட்டால் வராது என்று பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் தகராறு என்று திரையே சொல்லிக்கொண்டிருந்தது. கை நீளமாக இருந்தால் என்ன செய்வோம்? வெட்டுவோம். வெட்டினேன். நூறு சதவீதம்! சாஃப்ட்வேரின் பெயரைத் தட்டி அமுக்கினேன், ஜன்னல் திறந்தது, மீன்கொத்தியைப் போட்டேன், மிஷின் தடதடவென்று ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் பதினாறு ஜெர்சியிலும் பதினாறு மீன்கொத்தி. மாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கழுத்திலிருந்த டேப் அவர் கழுத்துக்குப் போய்விட்டது. சனிக்கிழமை பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மைதானத்துக்குள் போனார்கள். ஐந்து கோல் வாங்கினார்கள். ஆனால் ஐந்து தடவையும் சின்னம் அவ்வளவு எடுப்பாகத் தெரிந்தது.

ஆகவே, அந்த வரியை உலகம் முழுக்க நீக்கிவிடும்படியும், தயாரித்தவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கும்படியும் அவர்களுக்கு எழுதிவிட்டேன். நீயும் ஒரு சிபாரிசு எழுது. உங்கள் ஆபீசில் யாராவது எங்காவது சிக்கிக்கொண்டு தவித்தால் என் நம்பரைக் கொடு. நான் போனை எடுப்பேன்.

நீ கண்ணுக்கும் கழுத்துக்கும் வலியில்லாமல், தட்டியதெல்லாம் ஓடி, நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அத்தை இதைப் படித்தாள். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளையெல்லாம் முதலில் எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் மாஸ்டருக்கு வாசலில் வைத்து விளக்கிக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில், அவள் அந்த முதல் பட்டனை அமுக்கிவிட்டாளாம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லையாம். பெயரைத் தட்டியதும் திறந்தது அவள் இறக்கிய ரெடிமேட். சந்தேகம் தீர, நான் தைத்த சாஃப்ட்வேரை அதன் கோப்புகள் இருந்த பெட்டிக்குள்ளிருந்தே திறந்து பார்த்தேன். திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. நான் வெட்டியது ஊசியை நகர்த்தும் வரியாம், இப்போதுதான் அந்த வெளிநாட்டுக்காரர் எழுதியிருக்கிறார், இந்தத் தடவை சிரிக்கிற முகம் இல்லாமல். ஆகையால் சிபாரிசில் ஒரு சின்னத் திருத்தம்: பட்டியலில் உன் அத்தையின் பெயரைப் போடச் சொல். முன்னால் மறக்காமல் 'திருமதி' போடச் சொல். அப்போதுதான் பக்கத்தில் ஒரு திரு இருப்பது உலகத்துக்குத் தெரியும்.