மூன்றாவது வளைவில் காதுகுத்து

ஒரு என்ஜினை நான் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறேன். அதுவும் என் சொந்த பிக்கப் வண்டியின் என்ஜினை. அதற்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேதான் கொன்றேன். கொலை என்றால் நோக்கம் கேட்பார்கள். நோக்கம், என் தங்கை வீட்டுக்காரர் கேட்ட ஒரே ஒரு கேள்வி.

தங்கை வசந்தாவை மலைமேல் இருக்கும் குமுளியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நான் உத்தமபாளையத்தில் இருக்கிறேன். கல்லூரியில் வரலாறு சொல்லித் தருவது தொழில், கொஞ்சம் வாழை போடுவது பொழுதுபோக்கு. (வாழை என்னை அப்படித்தான் நடத்துகிறது.) தார் ஏற்றப் பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தேன். ஒரு தீபாவளிக்கு அதில் சீர் ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் அத்தனையும் என்னைத் தாண்டிப் போயின. ஒரு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போன அம்மாள் எனக்குக் கை காட்டி ஆறுதல்கூடச் சொன்னார்.

குமுளியில் வாசலில் நின்ற மாப்பிள்ளை முருகேசன் கேட்டார்: “வாங்க மச்சான். வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தீகளா, தள்ளிக்கிட்டு வந்தீகளா?”

சிரித்துவிட்டுக் காபி குடித்தேன். ஆனால் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

அடுத்த சில வாரங்கள் நான் வரலாறு படிக்கவில்லை. சூப்பர்சார்ஜர் படித்தேன். என்ஜினின் பெல்ட்டிலேயே சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி, என்ஜினுக்குள் திணிக்கும் ஒரு சாதனம் அது. கோயம்புத்தூரில் பழைய சாமான் கடை ஒன்றில் கிடைத்தது. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். (வண்டியை இப்படி மாற்றுவது சட்டத்துக்கு ஆகாது என்பதை அப்புறம்தான் படித்தேன். முக்கியமானதை எல்லாம் நான் அப்புறம்தான் படிப்பேன்.)

மெக்கானிக் ரபீக் பாய் அதைப் புரட்டிப் பார்த்தார். அவரும் நானும் ஒரே வயது. ஆனால் அவர் கையில் இருந்த அறிவு, எனக்கு இன்னும் தலைக்கே வந்து சேரவில்லை.

“மாட்டிரலாம் சார். ஆனா காத்து கூடுனா பெட்ரோலும் கூடணும். பெரிய பம்பு வேணும், பெட்ரோலப் பீச்சுற இன்ஜெக்டரும் பெருசா வேணும், கம்ப்யூட்டர்ல அளவ மாத்தணும். எல்லாம் வந்து சேர இருவது நாளு ஆகும்.”

“ஞாயித்துக்கிழமை தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து பாய். ஆறு நாள்தான் இருக்கு. இப்பக் காத்த மாட்டுங்க. பெட்ரோல அப்புறம் பாத்துக்கலாம்.”

“அதெப்பிடி சார்? அடுப்புல ஊதுகொழல வச்சு ஊதிக்கிட்டே இருக்கீக. வெறகு பத்தலன்னா அடுப்பே வெந்து போகாதா?”

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். “இயற்கையில எல்லாம் தானாச் சமன் ஆகிக்கும் பாய். அந்தக் காலத்துலயே கிரேக்க அறிஞர் ஒருத்தர் சொல்லியிருக்கார்.”

பாய் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அவரு என்ன வண்டி வச்சிருந்தாரு?”

கடைசியில் நான்தான் ஜெயித்தேன். வண்டி என்னுடையது அல்லவா? மாட்டி முடித்ததும் வெறும் வண்டியைச் சின்னமனூர் வரை விரட்டிப் பார்த்தேன். சமதரை, பாரம் கிடையாது, பறந்தது. திரும்பி வந்து பாயை ஒரு பார்வை பார்த்தேன். அவர், “மலைக்கு மட்டும் போயிராதீக” என்றார். மலைக்குப் போவதற்காகவே மாட்டியவனிடம் சொல்கிற பேச்சா அது?

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். மாமன் வரவில்லை என்றால் ஊசி எழும்பாது. குழந்தைக்கு ஒரே தாய்மாமன் நான். முகூர்த்தம் பத்தரை வரைக்கும். ஞாயிறு காலை சொந்தக்காரர்களை எல்லாம் ஒரு வேனில் ஏற்றி, “நீங்க முன்னால போங்க, நான் வழியில உங்களத் தாண்டிருவேன்” என்று பெருந்தன்மையோடு அனுப்பிவைத்தேன். பிக்கப்பில் நானும் என் மனைவி ஜெயந்தியும். பின்னால் ஒரு பீரோ, ஒரு கிரைண்டர், இருபத்தொரு சீர்த்தட்டு, எட்டு வாழைத்தார்.

மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. முதல் வளைவில் ஒரு ஜீப்பைத் தாண்டினேன். என் வாழ்க்கையின் உச்சம் அதுதான். இரண்டாவது வளைவில் என்ஜினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

“ஏங்க, டப்பாவுல கூழாங்கல்லப் போட்டுக் குலுக்குற மாதிரி கேக்குது?”

“புது சாமான். அப்படித்தான் கேக்கும்.”

“இழுவையும் கொறையுதே?”

இழுவை குறைந்தால் என்ன செய்வோம்? ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்போம். மிதித்தேன். மிதிக்க மிதிக்கக் காற்று போனது. பெட்ரோல் பம்ப்போ தன்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டுக் கை விரித்துவிட்டது. மூன்றாவது வளைவின் நட்டநடுவில் பட்டென்று ஒரு சத்தம். பேனட்டைச் சுற்றிப் புகை. வண்டி குறுக்கே நின்றது.

அது சபரிமலை சீசன். பத்தே நிமிடத்தில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. நான் தாண்டிய ஜீப் எனக்குப் பின்னால் வந்து நின்று நிதானமாக ஹாரன் அடித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நடந்து வந்தார். மணி ஒன்பதரை.

“சார், தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். பத்தரைக்குள்ள குமுளியில இருக்கணும். யார் பைக்குலயாவது…”

“வண்டிய நடுரோட்ல போட்டுட்டு எங்க போறீக? கிரேன் வர்ற வரைக்கும் நீங்க இங்கனதேன் நிக்கணும்.”

வசந்தாவுக்குப் போன் செய்தேன். “அண்ணே, அவுக அக்கா தங்கச்சி எல்லாம் வந்து உக்காந்திருக்காக. ‘உங்க அண்ணன் எங்க, எங்க’ன்னு கேட்டுக்கிட்டே இருக்காக. பெறந்த வீட்டு வேனு வந்துச்சு, தாய்மாமன் மட்டும் வரலன்னு காலத்துக்கும் என்னயச் சொல்லிக் காட்டுவாக” என்று அழுதாள். அதுவரை எனக்குப் பதற்றம்தான் இருந்தது. அப்போதுதான் வெட்கம் வந்தது.

போனை மாப்பிள்ளை வாங்கினார். “அழுகாத, இரு. மச்சான், எங்கன நிக்கிறீக? மூணாவது வளைவா? நகராதீக.”

நகர்வதா!

பத்து பத்துக்கு, வரிசையாக நின்ற வண்டிகளின் ஓரமாக இரண்டு பைக்குகள் இறங்கி வந்தன. ஒன்றில் முருகேசனும், வசந்தாவும், நடுவில் பட்டுப்பாவாடையோடு குழந்தையும். இன்னொன்றின் பின்சீட்டில் காது குத்தும் ஆசாரி, கையில் பித்தளைத் தட்டோடு. பிக்கப்பின் பின்கதவை இறக்கி அதில் நான் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். அது என்னைப் பார்க்கவில்லை, வரிசையாக நின்ற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆசாரி அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார்.

குழந்தை வீறிட்டதும், ஜீப்புகளில் இருந்த தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள். முன்பு எனக்குக் கை காட்டிய அம்மாளும் அதில் இருந்திருக்கலாம். மலையே திரும்பக் குலவை போட்டது. ஐயப்ப சாமிகள் சரணம் சொன்னார்கள். எட்டுத் தாரும் பஸ் பஸ்ஸாகப் போய்ச் சேர்ந்தன. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு பழம் சாப்பிட்டார். “காதுகுத்துன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்றார். (சொன்னேன்.)

கிரேன் பதினொன்றரைக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து ரபீக் பாய் என்ஜினைப் பிரித்து, பிஸ்டன் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். தலையில் நாணயம் அளவுக்கு உருகி ஓட்டை விழுந்திருந்தது. அவர் அந்தக் கிரேக்கரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் வலித்தது. புது என்ஜின் போட்டோம், காற்றுச் சாதனத்தைக் கழற்றினோம். இப்போதும் ஜீப்புகள் என்னைத் தாண்டுகின்றன. நானே ஒதுங்கி வழி விடுகிறேன்.

அந்தப் பிஸ்டன் என் மேஜையில் இருக்கிறது. ஓட்டைக்குள் பேனா நன்றாக நிற்கும். போன மாதம் லீவுக்கு வந்திருந்த மருமகள் (எட்டு வயசாகிறது, காதில் ஜிமிக்கி ஆடுகிறது) அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அத்தே, இது என்னா?”

ஜெயந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“அதுவா? ஒனக்குக் காது குத்துன அன்னைக்கு ஒங்க மாமா அதுக்கும் சேத்துக் குத்துனாக. தோடுதேன் இன்னும் வாங்கிப் போடல.”