இடது கையால் ஆசீர்வதித்த இயேசு பாலன்

பெண் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறவன் ஒரு பெட்டி மாம்பழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கலை, வரலாறு என்று இறங்கினால் என் கதிதான்.

நான் தூத்துக்குடிக்காரன். சிட்னி ஹோம்புஷில் இருந்துகொண்டு, மெல்பர்ன் வெரிபீயில் இருந்த ஜெனியைக் காதலித்துக்கொண்டிருந்தேன். அவள் குடும்பம் இலங்கையின் மன்னாரிலிருந்து வந்தது. அவளுடைய அம்மா சரி என்றால்தான் கல்யாணம். அந்த அன்ரிக்கு (எங்கள் ஊரில் ஆன்ட்டி) இடது கையால் எதை நீட்டினாலும் பிடிக்காது. நானோ பிறவி இடது கைக்காரன். (வேற வினையே வேண்டாம்.)

"அம்மாக்கு முன்னால இடக்கைய வெளியில எடுத்திராதீங்கோ, பிளீஸ்" என்று ஜெனி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பரிசாக நான் பிடித்தது, பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு எச்சிங். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்து, மை பூசித் தாளில் அழுத்தி எடுக்கிற படம். புனித அந்தோனியார் முழங்காலிட்டிருக்கிறார்; மேகத்துக்கு நடுவே இயேசு பாலன் காட்சி கொடுத்து அவரை ஆசீர்வதிக்கிறார். அன்ரிக்கு அந்தோனியார் என்றால் உயிர். விமானத்தில் அதைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

படத்தைப் பார்த்ததும் அன்ரியின் முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல வாடியது.

"தம்பி, யேசுபாலன் எந்தக் கையால ஆசீர்வாதம் குடுக்கிறார்?"

பார்த்தேன். இடது கை. கடையில் அவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கு இது உறைக்கவே இல்லை. (பீச்சாங்கைக்காரனுக்கு அது சரியாத்தானே தெரியும்.)

"இதை வீட்டில மாட்டலாமோ?" என்று அன்ரி, ஜெனியின் அப்பாவான அங்கிளைப் பார்த்தார். அங்கிள் என்னைப் பார்த்தார். ஜெனி தரையைப் பார்த்தாள்.

"அன்ரி, தகட்டுல வரைஞ்சதை அச்சடிச்சா இடம் வலமா மாறிடும். கண்ணாடில பாத்தா சரியா இருக்கும்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "வாங்க, காட்டறேன்" என்று படத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அந்த வீட்டில் பெரிய கண்ணாடி இருந்த ஒரே இடம் குளியலறை.

நான்கு பேரும் உள்ளே நெருக்கியடித்து நின்றோம். படத்தை வலது கையால் மட்டும் பிடித்துக் கண்ணாடிக்குக் காட்டினேன். (அவ்வளவு கட்டுப்பாடு.) கண்ணாடியில் இயேசு பாலன் வலது கையை உயர்த்தியிருந்தார்.

"ஓம், சரியாத்தான் இருக்கு" என்ற அன்ரி, சிலுவை அடையாளம் போட்டு, "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்துவிட்டார். அங்கிள் வேறு வழியில்லாமல் அழுக்குத்துணிக் கூடைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். நானும் முழங்காலிடக் குனிந்தேன். படம் நழுவியது. என் இடது கை பாய்ந்து பிடித்தது. அதுவும் ஆயுசுக்கும் பழகிய லாவகத்தோடு.

செபம் நின்றது. இனி மறைத்துப் பயனில்லை.

"நான் இடது கைக்காரன் அன்ரி. எழுதறதும் இதாலதான்" என்றேன். ஜெனி எனக்கு இல்லை என்றே நினைத்தேன்.

அன்ரி கண்ணாடியில் தெரிந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை நெஞ்சோடு அணைத்திருந்த கையையும் பார்த்தார்.

"கண்ணாடியில பாத்தா வலக்கைதானே தம்பி" என்றார். "எழும்புங்கோ, சாப்பிடுவம்."

இன்றும் எங்கள் வீட்டில் சோறு குழைந்தாலும் கார் இடித்தாலும், "கண்ணாடியில பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று யாராவது சொல்லாமல் விடுவதில்லை. படம் வெரிபீ வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. போன வருடம் அங்கே வைத்து எங்கள் மகள் இடது கையில் பென்சிலைப் பிடித்தபோது, வீட்டுக்கு வந்திருந்த ஒருவர், "இப்பவே மாத்திப் பழக்குங்கோ" என்றார்.

அன்ரி சுவரைக் காட்டினார். "விடுங்கோ. எங்கட வீட்டில ஆசீர்வாதமே அந்தக் கையாலதான்."