படங்குக்குப் பின்னால் நின்ற வர்மம்

தொட வேண்டாம். கிட்டே வரவும் வேண்டாம். ஆசான் உள்ளங்கையைக் காட்டினால் போதும், எதிரே நிற்கிறவன் பொத்தென்று விழுவான். இதைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தலவாக்கலை பஸ்களில் சனம் தொங்கிக்கொண்டு வந்தது. மஸ்கெலியாவிலிருந்து வந்தார்கள். நுவரெலியாவிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிரவுண்டில் கிரிக்கெட் நடந்தபோதுகூட இவ்வளவு கூட்டம் கண்டதில்லை. கிரிக்கெட்டில் விக்கெட் விழ ஒரு பந்தாவது தேவைப்பட்டது.

ஆசானின் பெயர் அழகுமுத்து. முன்பு ஹட்டனில் போன் கவர் விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு வருடம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கறுப்புக் கராத்தே உடுப்பு, அதன்மேல் உருத்திராட்ச மாலை, தோள்வரை முடி. எந்த மலையில் இந்த வித்தையைக் கற்றீர்கள் என்று கேட்டால் மேகத்தைக் கைகாட்டுவார். நம்ம ஊரில் மேகத்துக்கா பஞ்சம்? மூச்சை அடக்கி ஆளும் ஆசானுக்கு எங்கள் கிரவுண்டு ஏற்றத்தில் மட்டும் ஏனோ புஸ் புஸ்ஸென்று இரைத்தது. சக்தி ஏறுகிறது என்று பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கோயிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள். மாதா கோயிலில் காலைப் பூசை முடித்த வேதக்காரர்களும் வந்தார்கள். டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் முதலாளிமாரும் வந்தார்கள். கொழும்பில் ஹோட்டலில் கூட்டம் போட்டு நல்லிணக்கம், நல்லிணக்கம் என்று பேசுகிறார்களே, எங்கள் கிரவுண்டில் வந்து பார்த்திருக்கலாம். ஏமாறுகிற விஷயத்தில் மூன்று மதமும் தோளோடு தோள் நின்றது.

ஆசானின் பாடம் ரொம்பச் சுலபம். ஓடக் கூடாது, வியர்வையோடு வர்மம் வடிந்துவிடும். கயிறு பாய்ந்து பழகக் கூடாது, குதித்தால் நரம்பில் நிற்கும் சக்தி கலங்கிவிடும். தண்டால், குந்தி எழும்புவது, எதுவும் வேண்டாம். மந்திரித்த கறுப்புக் கயிற்றைக் கையில் கட்டி, தொப்புளில் தைலம் தடவி, கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும். கயிறும் தைலமும் ஆசானிடமே கிடைக்கும், வேறு எங்கே கிடைக்கும்? வேலை செய்து செய்து முதுகு ஒடிந்த சனத்திடம் வந்து, சும்மா உட்கார்ந்தாலே பலசாலி ஆகலாம் என்று ஒருவன் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

கசந்தது இரண்டு பெண்களுக்கு. ஒருத்தி மெரினா, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற அன்டனின் மகள். மற்றவள் அவளோடு கராத்தே பழகும் ரிஃப்னா, டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற இக்ராமின் மகள். மெரினா மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். வயதுக் கட்டுப்பாட்டின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வருடம். விட்டால் விட்டதுதான். அந்தப் பிள்ளை விடியற்காலையில் லயத்திலிருந்து ரோட்டு வரை ஏற்றத்தில் ஓடுவாள். கயிறு பாய்வாள். குத்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும், குத்திய கை வந்த வழியே தாடைக்குத் திரும்ப வேண்டும், எது வந்தாலும் கண்ணை மூடக் கூடாது என்று ரிஃப்னாவோடு நின்று சலிக்காமல் பழகுவாள். பார்க்கிற நமக்குத்தான் அலுக்கும்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அன்டன் மகளின் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்.

காரணம், அவரே ஒரு ஞாயிறு ஆசான் முன்னால் விழுந்திருந்தார். அதோடு மனிதர் ஆளே மாறிப்போனார். கறுப்புக் கயிறு ஜெபமாலைக்குப் பக்கத்திலேயே தொங்கியது. மெரினா கெஞ்சிப் பார்த்தாள். பழகாமல் போய் நின்றால் எதிரில் வருகிறவள் முகத்தை உடைத்து அனுப்புவாள் என்று சொல்லிப் பார்த்தாள். அன்டன் அசையவில்லை.

"இங்க பாரு புள்ள, நான் விழுந்தவன். ஒனக்கு என்னா தெரியும்? ஓடி ஓடி இருக்கிற சக்தியும் போயிரும். கயித்தக் கட்டிக்கிட்டுப் பேசாம உக்காரு" என்றார்.

பாசம்தான். பாசம் முட்டாள்தனத்தோடு கூட்டுச் சேர்ந்தால் பகையாளியே தேவையில்லை.

மெரினா அழுதுகொண்டே போய் ரிஃப்னாவிடம் சொன்னாள். ரிஃப்னாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆசானின் மூலிகைத் தைலம் தன் வாப்பாவின் கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெயும் கற்பூரமும்தான் என்று அவளுக்கு முன்பே சந்தேகம். அடுத்த ஞாயிறு நேரே கிரவுண்டுக்குப் போய் ஆசான் முன்னால் நின்றாள். ஆசான் கையை நீட்டினார். நின்றாள். இரண்டு கையையும் நீட்டினார். அப்போதும் நின்றாள். ஆசானுக்கு வேர்த்தது, வர்மம் வடிந்திருக்கும், பாவம்.

சந்தேகப்படும் உடம்பில் வர்மம் இறங்காது என்று ஆசான் அறிவித்தார். ஆகா என்றது கூட்டம். நன்றாக யோசித்துப் பாருங்கள். உங்களை அடிக்க வருகிற திருடன் முதலில் ஆசானை மனதார நம்ப வேண்டும். நம்பாத திருடனாக வந்தால் உங்கள் பாடு அதோகதி. இதைக் கூட்டத்தில் ஒருத்தர் கேட்கவில்லை.

ரிஃப்னா கோபத்தைக் காட்டவில்லை. மரியாதையாகவே பேசினாள்.

"சரிங்க ஆசான், என்னைய விட்டுருங்க. நம்புறவங்களையே நிப்பாட்டுங்க. ஒங்க சக்தி லயத்துச் சுவரையே ஊடுருவும்னு சொன்னீங்கதானே? நடுவுல ஒரு படங்கு மட்டும் தொங்க விடுறேன். சத்தம் போடாம, ஒங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கைய நீட்டுங்க."

படங்கு என்பது கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் முரட்டுத் துணி. சுவரையே ஊடுருவும் சக்திக்கு அது எம்மாத்திரம்? கூட்டம் கைதட்டிவிட்டது. ஆசானால் மறுக்க முடியவில்லை.

நாலைந்து படங்குகளைச் சேர்த்துத் தைத்து, கோல் கம்பங்களுக்கு நடுவே கயிற்றில் போட்டார்கள். இந்தப் பக்கம் ஆசானும் நாங்களும். அந்தப் பக்கம் அன்டனும் மற்றச் சீடர்களும் வரிசையாக, கண்ணைப் பாதி மூடி, சக்தி எப்போது வரும் என்று காத்து நின்றார்கள்.

ஆசான் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். தொண்டை காய்ந்துவிட்டது போலும், யாரிடமோ பிளேன்டீ கேட்டார். கொண்டுவந்து கொடுத்தார்கள். கிளாசை இரண்டு கையாலும் பிடித்து ஆசான் ஊதி ஊதிக் குடிக்கிற நேரம் பார்த்து, பெக்டரிச் சங்கு ஊதியது. கொழுந்து மலிந்த காலம், ஞாயிறும் பெக்டரி ஓடியது.

பொத். பொத். பொத்.

சங்கையே சக்தி என்று நினைத்து, படங்குக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் விழுந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மிச்சமில்லை. அழகாக விழுந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, பின்மண்டை தரையில் படாமல், கையால் மண்ணைத் தட்டி விழுந்தார்கள். இத்தனை ஞாயிறு விழுந்ததில் அந்த ஒரு பாடம் மட்டும் உருப்படியாகப் படிந்திருந்தது. இந்தப் பக்கம் ஆசான் பிளேன்டீயும் கையுமாக முழித்துக்கொண்டு நின்றார்.

ரிஃப்னா படங்கை விலக்கினாள். சீடர்கள் தரையில் கிடந்தபடியே ஆசானைப் பார்த்தார்கள். ஆசான் கையிலிருந்த கிளாசைப் பார்த்தார்கள். முதலில் ஒரு கிழவி சிரித்தாள். அப்புறம் கிரவுண்டே சிரித்தது.

அன்டன் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மெரினா கிட்டே போய்க் குந்தினாள். அவர் மகளின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"மொத நாளே எனக்கு ஒடம்புல ஒண்ணும் தெரியல மகள். பக்கத்துல நின்னவங்க எல்லாம் விழுந்தாங்க. நான் மட்டும் நின்னா என்னையத்தான் கொறை சொல்லுவாங்கனு விழுந்தேன். விழுந்த பெறகு எப்படி வந்து ஒங்கிட்ட சொல்லுறது?"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்டால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்று, எல்லாரும் திரும்பும் பக்கம் திரும்பியே பழகிய மனிதர். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

ஆசான் சும்மா இருந்திருக்கலாம். சங்குச் சத்தம் அலைவரிசையைக் குழப்பிவிட்டது என்றும், பெண்பிள்ளைகள் கை வைத்த படங்கு தீட்டு என்றும் ஆரம்பித்தார். மெரினா எழுந்து நேரே அவர் முன்னால் வந்தாள். கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு கையையும் தாடைக்குத் தூக்கி நின்றாள்.

"நான் தொட மாட்டேன் ஆசான். நீங்க சும்மா நில்லுங்க" என்றாள்.

ஒரே ஒரு குத்து. காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. ஆசானின் மூக்கு நுனிக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது, வந்த வழியே தாடைக்குத் திரும்பியது. ஆசான் இரண்டு கண்ணையும் இறுக மூடி, "ஐயோ அம்மா" என்று மல்லாக்க விழுந்தார். விழவும் தெரியவில்லை. கால் ஆகாயத்தில், தலைமுடி ஒரு பக்கமாகக் கழன்று புல்லில்.

தொடாமல் ஆளை வீழ்த்தும் கலை உண்மைதான் என்று அன்று எங்கள் தோட்டம் ஒப்புக்கொண்டது. அதற்கு விடியற்காலையில் எழுந்து வருடக்கணக்காக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஆசான் பொடிநடையாக இறங்கி, வந்த முதல் பஸ்ஸில் ஏறினார். அன்டன் கறுப்புக் கயிற்றைக் கடித்து அறுத்துத் துப்பினார். மறுநாள் விடியும்போது மகளுக்கு முன்பே குல்லாவைப் போட்டுக்கொண்டு ரோட்டில் போய் நின்றார். மெரினா போட்டியில் அரையிறுதியில் தோற்றாள். உதடு கொஞ்சம் வீங்கியது. ஆனால் கடைசி வரை தன் காலில் நின்றாள், மாகாண அணியிலும் அவளை எடுத்துக்கொண்டார்கள்.

ஆசான் இப்போது மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் குண்டலினிக் குங்ஃபூ நடத்துகிறாராம். நல்ல கூட்டமாம். போகிறவர்கள் போங்கள், தடுக்க நான் யார்? ஒன்று மட்டும் கேட்கிறேன். அடி வாங்கி விழுந்தவனுக்கு அடிபட்ட இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். அடியே வாங்காமல் விழுகிறீர்களே ஐயா, உங்களுக்கு எங்கே கொடுப்பது? தலையில்தான் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பதைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள், அதற்கும் தேகப்பயிற்சி வேண்டியிருக்கிறது.