மாமியாரின் நாடித்துடிப்பு

“அத்தை, கொஞ்சம் அசையாம இருங்க. எண்ணிக்கை விட்டுப்போயிடும்.”

பாதி குடித்த காபியைக் கீழே வைத்துவிட்டு, மருமகன் மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். முந்தின நாள்தான் கம்பெனியில் முதலுதவி வகுப்பு நடந்தது. எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டதென்று அழைப்பு வரவே, பாதி வகுப்பில் எழுந்து ஓடிவிட்டார். கேட்ட பாதியை வீட்டில் யாரிடமாவது காட்டாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

மாமியார் ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கான நடைப்போட்டி இன்னும் ஒரு மணி நேரத்தில். போன வருடம் மயிரிழையில் முதலிடத்தைக் கோட்டைவிட்டவர். இந்த முறை கப் இல்லாமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

லிஃப்ட் பட்டன்களை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன கட்டைவிரல் மாமியாரின் மணிக்கட்டில் அழுந்தியது. கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணினார். முகம் மாறியது.

“நூத்திப்பத்து!”

“எதுல மாப்ளே?”

“நாடி அத்தை! சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அறுபதுலேர்ந்து நூறுக்குள்ள இருக்கணும். தாண்டினா காய்ச்சலா இருக்கலாம், தண்ணி பத்தாம இருக்கலாம், பயமா இருக்கலாம். இல்லேன்னா...”

“இல்லேன்னா?”

“இதயம்.”

“எனக்கு ஒண்ணுமில்ல. வழிய விடுங்க, நேரமாச்சு.”

விடுவாரா? தெர்மாமீட்டர் மேல்மாடி வீட்டில் இருந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வாங்கிவந்தார். காய்ச்சல் இல்லை. மூச்சு வாங்க மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார். நூற்று இருபத்து நான்கு.

“அப்ப தண்ணிதான் பத்தல!”

வாசலில் கிடந்த தண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, இரண்டு டம்ளர் குடிக்கவைத்தார். நூற்று முப்பத்திரண்டு.

“அத்தை, மறைக்காம சொல்லுங்க. போட்டிய நெனச்சு பயமா இருக்கா?”

சமையலறையிலிருந்து அவர் மனைவி சிரித்தாள். “அம்மாவுக்குப் பயமா? அவங்க விசில் ஊதினா ஹெட்மாஸ்டரே வரிசையில நிப்பாருங்க!”

காய்ச்சல் இல்லை, தாகம் இல்லை, பயம் இல்லை. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டில் மருமகன் பக்கம் பேசுகிற ஒரே ஆள் மாமியார்தான். அவரை இழக்க அவர் தயாராக இல்லை.

“ஒரு அடிகூட நடக்கக் கூடாது. தூக்கிட்டுப் போறேன்.”

“லிஃப்ட்ல போலாமேங்க?” என்றாள் மனைவி குத்தலாக.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் ரிப்பேராகி இரண்டு மாதம் ஆகிறது. ‘நாளைக்குப் பார்க்கிறேன்’ என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவரேதான்.

பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியாரை உட்காரவைத்து, நான்கு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார். “மாப்ளே, இதுக்கு நான் நடந்திருந்தா இந்நேரம் கப்பே வாங்கியிருப்பேன்!” என்று மாமியார் போட்ட சத்தத்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. தெருமுனை கிளினிக் வரைக்கும் அவர் நாற்காலியைக் கீழே வைக்கவில்லை.

நர்ஸ் மூன்று விரல்களை மாமியாரின் மணிக்கட்டில் வைத்து எண்ணினாள்.

“எழுபத்திரண்டு. நல்லா இருக்காங்க.”

“சான்ஸே இல்ல சிஸ்டர்!” மருமகன் பாய்ந்து கையைப் பிடித்துக் கட்டைவிரலை அழுத்தினார். “நூத்தி அம்பத்தாறு! வீட்டுல காபி குடிச்சிட்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நூத்திப்பத்து! அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்!”

நர்ஸ் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். வியர்வை ஒழுகும் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிட மணியை அழுத்தினாள்.

“அம்மா, நீங்க போட்டிக்குக் கிளம்புங்க. சார், நீங்க கட்டில்ல படுங்க. கட்டைவிரல்லயும் நாடி ஓடும். காலையிலேர்ந்து நீங்க எண்ணினது உங்களோடதைத்தான்.”